‘அழுக்கு தெரியாத கலரா கொடுங்க!’ - பெட்ஷீட் விஷயத்தில் நாம் எங்கே கோட்டை விடுகிறோம்?

ஊரிலிருந்து சித்தப்பா குடும்பத்தோடு வருகிறார் என்று போன் வந்தால் போதும். பீரோவின் மேல்தட்டில் மடிப்புக் கலையாமல் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த ‘நல்ல’ பெட்ஷீட் உடனே கீழே இறங்கிவிடும். மேட்ச்சிங் தலையணை உறை, துவைத்து மடித்த போர்வை என்று அறையே ஹோட்டல் ரூம் மாதிரி ஆகிவிடும். ரெண்டு நாள் தங்கப்போகிறவர்களுக்கு இவ்வளவு மரியாதை. வருஷம் முழுக்க அதே கட்டிலில் படுக்கிற நமக்கு? “இன்னும் அழுக்காகலையே... அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்!”

இந்த ‘அழுக்காகலையே’ என்ற வார்த்தையில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. சட்டை என்றால் காலர் காட்டிக்கொடுத்துவிடும். பெட்ஷீட்டில் அப்படி எதுவும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதும் நாம்தான். ஜவுளிக்கடையில் பெட்ஷீட் எடுக்கும்போது நம்மில் பெரும்பாலானவர்கள் கேட்பது என்ன? “அழுக்கு தெரியாத கலரா கொடுங்க!” அடர் நீலம், மெரூன், பெரிய பெரிய பூ என்று தேடித் தேடி வாங்கிவிட்டு, அழுக்கு தெரிந்ததும் துவைக்கலாம் என்று காத்திருக்கிறோம். எப்படித் தெரியும்?

பெட்ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் துவைக்கக் கூடாது. காலண்டரைப் பார்த்துத் துவைக்க வேண்டும். ஏன், எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அந்தத் துணியில் அப்படி என்னதான் இருக்கு?

முதலில் நாம்தான் இருக்கிறோம். நம் தோலின் மேலடுக்கு தினமும் கண்ணுக்குத் தெரியாத செதில்களாக உதிர்ந்துகொண்டே இருக்கும். அதோடு வியர்வை, தோலில் சுரக்கும் எண்ணெய், தலைக்குத் தடவிய தேங்காய் எண்ணெய், எச்சில், ஃபேன் காற்றில் வந்து படியும் தூசி எல்லாம் சேரும். இவை எல்லாவற்றையும் ராத்திரி ஏழெட்டு மணி நேரம் உடம்பின் சூட்டோடு துணிக்குள் அழுத்திக்கொண்டே இருக்கிறோம்.

உதிரும் தோலைத் தின்பதற்கென்றே ஒரு ஜீவன் இருக்கிறது. டஸ்ட் மைட் எனப்படும் தூசிப் பூச்சி. சிலந்தி, உண்ணி வகையறாவைச் சேர்ந்தது, எட்டுக் கால் உண்டு. நீளம் கால் மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. மூட்டைப்பூச்சி மாதிரி கடிக்காது, ரத்தம் குடிக்காது. பிரச்னை அதன் கழிவில் இருக்கிறது. அதில் உள்ள புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டும். வீட்டுத் தூசியால் வரும் அலர்ஜிக்கு முக்கியக் காரணம் இந்தப் பூச்சிதான் என்பதை 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

தூசிப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தைத்தான் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவிகிதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் அது காய்ந்து செத்துவிடும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் வருஷத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் 60 சதவிகிதத்துக்கும் மேலேதான். ஆக, சாப்பாட்டை நாம் கொடுக்கிறோம், தண்ணீரைக் காற்று கொடுத்துவிடுகிறது. அது ஏன் இடத்தைக் காலி பண்ணப்போகிறது?

காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, ராத்திரியில் குழந்தைக்கு இளைப்பு... இவற்றுக்கு நாம் சொல்லும் காரணம், “ஃபேன் காத்து ஒத்துக்கல”, “நேத்து ஐஸ்க்ரீம் சாப்பிட்டான்”. இருக்கலாம். ஆனால், அதே தொல்லை தினமும் படுக்கையிலேயே வந்து, எழுந்து நடமாடியதும் குறைகிறது என்றால், படுக்கையையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். இளைப்பு இருந்தால் டாக்டரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. பெட்ஷீட் துவைப்பது மருந்துக்கு மாற்று இல்லை, மருந்துக்குத் துணை.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

பெட்ஷீட்டும் தலையணை உறையும் வாரம் ஒருமுறை. தலைக்கு எண்ணெய் வைத்துப் படுப்பவர்கள், முகப்பரு இருப்பவர்கள் தலையணை உறையை மட்டும் மூணு, நாலு நாளைக்கு ஒருமுறை மாற்றலாம். உடம்பில் நேரடியாகப் படும் மெல்லிய போர்வைக்கும் பெட்ஷீட் கணக்குதான். கம்ஃபர்ட்டர், ரஜாய் போன்றவற்றுக்கு மேலுறை போட்டிருந்தால் உறையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துவைத்தால் போதும். உள்ளே இருப்பதை மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை துவைக்கலாம்.

குடும்பத்தில் அலர்ஜியோ ஆஸ்துமாவோ யாருக்கும் இல்லை, ஏ.சி ரூமில் குளித்துவிட்டுப் படுக்கிறீர்கள் என்றால், இரண்டு வாரம்வரை தள்ளிப்போடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

“தண்ணிக்கே லாரியை எதிர்பாத்துட்டு இருக்கோம், வாரா வாரம் துவைக்கச் சொல்றீங்களே?” நியாயமான கேள்விதான். தண்ணீர்ப் பஞ்சத்தில் முன்னுரிமை தலையணை உறைக்கு. முகமும் மூக்கும் நேராகப் படுவது அதில்தான். நாலு உறை ஒரு பக்கெட்டில் அடங்கிவிடும். பெட்ஷீட்டை அந்த வாரம் வெயிலில் உதறிப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் துவைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சின்னப் பழக்கம். எழுந்த உடனே போர்வையை இழுத்துவிட்டுப் படுக்கையை மூடாதீர்கள். ராத்திரி இறங்கிய வியர்வை ஈரம் அப்படியே உள்ளே சிக்கிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, பல் தேய்த்து காபி குடிக்கும் நேரமாவது காற்றாட விட்டு அப்புறம் விரியுங்கள்.

வெந்நீரா, பச்சைத் தண்ணீரா?

பச்சைத் தண்ணீரில் துவைத்தாலே அலர்ஜி தரும் புரதத்தில் பெரும்பகுதி கரைந்து போய்விடும். ஆனால், பூச்சிகளில் பல பிழைத்துக்கொள்ளும். அவை சாவதற்கு 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். எனவே, வழக்கமான துவையலுக்குப் பச்சைத் தண்ணீர் போதும். அலர்ஜி, ஆஸ்துமா உள்ள வீட்டில், யாருக்காவது தோல் தொற்று இருக்கும்போது, குழந்தை படுக்கையை நனைத்தபோது வெந்நீர் நல்லது.

ஃப்ரன்ட் லோடு மெஷின் என்றால் பெரும்பாலும் உள்ளேயே ஹீட்டர் இருக்கும். 60 டிகிரியில் வைத்துவிட்டுப் போகலாம். டாப் லோடு மெஷின்கள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது. கையால் துவைப்பவர்களுக்கும் கிடையாது. அவர்களுக்கு ஒரு சுலபமான கணக்கு: கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு. 100 டிகிரியும் 30 டிகிரியும் சம அளவில் சேர்ந்தால் சுமார் 65 டிகிரி. பக்கெட்டும் துணியும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டாலும் 60-ஐ ஒட்டி நிற்கும். முதலில் குழாய்த் தண்ணீர், அதன்மேல் கொதிநீர் என்ற வரிசையில் ஊற்றுங்கள். சோப்புத்தூளைக் கரைத்து, துணியைக் குச்சியால் அமுக்கி, மூடிவைத்து 20 நிமிடம் விட்டால் போதும். கையை உள்ளே விட வேண்டாம். அந்த 20 நிமிடமும் குழந்தைகள் பாத்ரூம் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது ரொம்ப முக்கியம்.

வெந்நீர் தாங்குவது வெள்ளை, வெளிர் நிறக் காட்டன்தான். அடர் நிறம், பட்டு கலந்தது, கம்பளி இவற்றுக்கு வெந்நீர் ஆகாது. துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் சின்ன லேபிளில் தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு படம் இருக்கும். அதற்குள் ஒரு புள்ளி இருந்தால் 30 டிகிரிவரை, இரண்டு புள்ளி 40, மூன்று புள்ளி 50, நான்கு புள்ளி 60. வெட்டி எறிவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சோப்புத்தூள் கூடினால் சுத்தமும் கூடுமா?

கூடாது. நுரை வந்தால்தான் துவைத்த திருப்தி நமக்கு. ஆனால், நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. மெஷினுக்குள் நுரை மண்டினால் அது மெத்தை மாதிரி நின்று துணியோடு துணி உரசவிடாது, அழுக்கு இளகாது. அலசலிலும் போகாத தூள் நூலுக்குள்ளேயே தங்கிவிடும். காய்ந்த பெட்ஷீட் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறதா? வியர்த்ததும் தோல் அரிக்கிறதா? சோப்புத்தூள் மிச்சமாக இருக்கலாம். அடுத்த முறை தூளே போடாமல் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அலசிய தண்ணீரில் நுரை வந்தால், இதுவரை நீங்கள் போட்டது அதிகம் என்று அர்த்தம்.

விறைப்புக்கு இன்னொரு காரணம், போர்வெல் உப்புத் தண்ணி. அதிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு பார் சோப்பு சேர்ந்தால் கரையாத பிசுக்காக மாறித் துணியில் படியும். வெள்ளைத் துணி சாம்பல் பூப்பது இதனால்தான். இப்படிப்பட்ட தண்ணீருக்குச் சோப்புக்கட்டியைவிட டிடர்ஜென்ட் தூளோ திரவமோ மேல். ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சலவை சோடாவை முதலில் கரைத்துவிட்டு, பிறகு டிடர்ஜென்ட் போட்டால் தண்ணீரின் கடினத்தன்மை குறையும். சலவை சோடா கையை அரிக்கும் என்பதால் கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

நெட்டில் அடிக்கடி வரும் ‘வினிகரும் பேக்கிங் சோடாவும் கலந்து ஊத்துங்க’ என்ற டிப்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்று அமிலம், மற்றொன்று காரம். இரண்டும் சேர்ந்து புஸ்ஸென்று பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். பொங்கி முடித்ததும் ஒன்றை மற்றொன்று தின்றுவிடும். மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புக் கரைசல்தான். வாடை போக பேக்கிங் சோடாவைத் துவையலிலும், விறைப்பு குறைய அரை கப் வினிகரைக் கடைசி அலசலிலும் தனித்தனியாகப் பயன்படுத்தினால் பலன் உண்டு.

வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் அழுக்கை எடுப்பதில்லை. பழுப்பு மஞ்சளுக்கு மேலே நீல நிறம் ஏறும்போது கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். துணி சுத்தமான பிறகு போடுங்கள். சுத்தத்துக்குப் பதிலாகப் போடாதீர்கள்.

மெஷினில் திணிக்காதீங்க!

நனைந்த பெட்ஷீட்டின் எடை நாம் நினைப்பதைவிட அதிகம். டிரம்மில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பினால் துணி புரண்டு விழ இடம் இருக்காது. கையை உள்ளே விட்டால் மேலே கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். எலாஸ்டிக் வைத்த ஃபிட்டட் ஷீட் சின்னத் துணிகளை விழுங்கி உருண்டையாகிவிடும். சாக்ஸையும் கைக்குட்டையையும் அதோடு போடாதீர்கள். ஜீன்ஸோடும் வேண்டாம், ஜிப் இழுத்து நூலைக் கிளப்பிவிடும்.

கையால் துவைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பருத்தி நூல் காய்ந்திருப்பதைவிட நனைந்திருக்கும்போதுதான் பலமாக இருக்கும். அதனால்தான் துவைகல்லின் அடியை நம் காட்டன் போர்வைகள் அத்தனை வருஷம் தாங்கின. ரேயான், ‘பேம்பூ’ என்று விற்கப்படும் விஸ்கோஸ் ரகங்கள் இதற்கு நேர் எதிர். நனைந்தால் பலம் இழக்கும். அவற்றை அடிக்காமல், முறுக்கிப் பிழியாமல், அமுக்கி எடுக்க வேண்டும்.

கறைக்கு ஏற்ற வைத்தியம்

*எண்ணெய்ப் பிசுக்கு:* தலையணை உறையின் நடுவில் மஞ்சளாக வட்டமிட்டு, சிக்கு வாடை அடிக்கிறதா? பாத்திரம் தேய்க்கும் லிக்விடை இரண்டு சொட்டு நேரடியாகத் தேய்த்து 15 நிமிடம் ஊறவிட்டு, சூடான தண்ணீரில் அலசுங்கள்.

*மஞ்சள்:* சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதுதான் அது. பயப்பட வேண்டாம். நன்றாக அலசிவிட்டு, ஈரத்தோடு நேர் வெயிலில் போடுங்கள். குர்குமினுக்கு வெயில்தான் எமன். இரண்டு மூன்று வெயிலில் தானாக வெளுத்துவிடும்.

*ரத்தம்:* முதலில் பச்சைத் தண்ணீர், எப்போதும் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி ரத்தத்தின் புரதம் நூலிலேயே இறுகிவிடும். அரை மணி நேரம் ஊறவைத்துச் சோப்பு போட்டால் புதுக் கறை போய்விடும். வெள்ளைத் துணி என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவிகித ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு விடலாம். மாதவிடாய் கறைபட்ட பெட்ஷீட்டை யாருக்கும் தெரியாமல் சுருட்டி மறைத்துவைத்து, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு துவைக்கும் பெண் பிள்ளைகள் இன்னமும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஒளித்துவைக்க வைக்கக் கறை இறுகும். ‘கறை பட்டா உடனே பச்சைத் தண்ணியில போடு, அவ்ளோதான்’ என்று வீட்டில் சாதாரணமாகச் சொல்லிவையுங்கள். துணிக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

*குழந்தையின் சிறுநீர்:* உடனே பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு வெந்நீரில் துவையுங்கள். மெத்தைவரை இறங்கியிருந்தால் காய்ந்த டவலால் ஒற்றி எடுத்து, பேக்கிங் சோடாவைத் தூவி, சில மணி நேரம் கழித்துத் தட்டிவிடுங்கள்.

சிறுநீர் பட்ட துணியில் குளோரின் ப்ளீச் ஊற்ற வேண்டாம். சிறுநீரிலிருந்து உண்டாகும் அமோனியாவோடு ப்ளீச் சேர்ந்தால் மூச்சைப் பாதிக்கும் வாயு வரும். ப்ளீச்சோடு வினிகரோ, டாய்லெட் கழுவும் ஆசிடோ சேர்ந்தால் வெளியேறுவது குளோரின் வாயு. பூட்டிய பாத்ரூமுக்குள் இது உயிருக்கே ஆபத்து. ப்ளீச் போடுவதென்றால் தண்ணீரோடு மட்டும்தான், ஜன்னலைத் திறந்துவைத்துத்தான்.

கல்லுப்பு போட்டா சாயம் நிக்குமா?

புது பெட்ஷீட்டைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்பது பரவலான நம்பிக்கை. சாயப் பட்டறையில் சாயம் நூலில் ஏறுவதற்கு உப்பு பயன்படுவது உண்மை. ஆனால், ஏற்கெனவே சாயம் ஏறிய துணியை வீட்டில் உப்பில் போட்டால் சாயம் புதிதாகப் பிடித்துக்கொள்ளாது. முதல் இரண்டு மூன்று முறை தனியாக, பச்சைத் தண்ணீரில் துவைத்தால் நூலில் ஒட்டாமல் நின்ற உபரிச் சாயம் போய்விடும். எதுவானாலும் புது ஷீட்டை ஒருமுறை துவைத்த பிறகே படுக்கையில் விரியுங்கள்.

காயாத துணியை மடிக்காதீங்க!

பெட்ஷீட்டில் பாதி வைத்தியம் துவைப்பதில் என்றால், மீதி காயவைப்பதில். ஈரம் வற்றினால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பிழைப்பு இல்லை. நல்ல வெயிலில் போடுங்கள். சாயம் வெளுக்காமல் இருக்க உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். மாலை பனி இறங்குவதற்குள் எடுத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் கொடி கட்டித்தான் ஆக வேண்டும். துணி காயத் தாமதமாகும்போது ஒரு புளித்த ஈரவாடை வருமே... அதற்குக் காரணமான பாக்டீரியாவை 2012-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். பெயர், மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ். துணியில் மிஞ்சிய தோல் எண்ணெயும் ஈரமும்தான் அதற்குத் தீனி. வாடை வந்த துணியின் மேல் சென்ட் அடித்துப் பயனில்லை. வெந்நீரில் மறுபடி துவைக்க வேண்டும். மழைக்காலத்தில் காலையிலேயே துவைத்து, மெஷினில் இரண்டாவது முறை ஸ்பின் விட்டு, மடிக்காமல் அகலமாக விரித்து, ஃபேனை நேராகத் திருப்பிவையுங்கள். லேசான ஈரம் மிச்சமிருந்தால் இஸ்திரிப்பெட்டி பார்த்துக்கொள்ளும்.

தலையணை, மெத்தை, பாய்

ஃபைபர் தலையணையை லேபிள் அனுமதித்தால் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மெஷினில் துவைக்கலாம். இரண்டு தலையணையாகப் போட்டால் டிரம் ஒரு பக்கம் சாயாது. இரண்டாக மடித்துவிட்டுக் கையை எடுங்கள். விரிந்து எழும்பாமல் அப்படியே கிடந்தால் அதற்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.

போடிநாயக்கனூர் பக்கமிருந்து வரும் இலவம் பஞ்சுக்குத் தண்ணீர் ஆகாது. நனைந்தால் கட்டிதட்டிவிடும். அதற்கு வெயிலும் தட்டிக்கொடுப்பதும்தான் வைத்தியம். மாதம் ஒருமுறை மொட்டை மாடி வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டால் பஞ்சு பூரித்து எழும். ஆனால், அதே வெயிலை ஃபோம், லேட்டக்ஸ் மெத்தைக்குக் காட்டாதீர்கள். மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். அவற்றை நிழலில் காற்றாட நிறுத்திவைத்தால் போதும். எந்த மெத்தைக்கும் துவைக்கக்கூடிய ஒரு புரொடெக்டர் போட்டுவிடுங்கள். மெத்தையைத் துவைக்க முடியாது, உறையைத் துவைக்க முடியும்.

கம்பளிக்குப் பச்சைத் தண்ணீர், மென்மையான லிக்விட், கசக்காத கை வேண்டும். சூடும் உரசலும் சேர்ந்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிவிடும். கோரைப்பாயில் படுப்பவர்கள் பாயை ஊறவைக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, இளவெயிலில் காயவைத்துச் சுருட்டுங்கள். குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையை மறந்துவிடாதீர்கள். கவரில் போட்டு ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்தால் பூச்சி செத்துவிடும். பிறகு அலசிக் காயவையுங்கள்.

ஒருவருக்கு அரிப்பு, வீட்டுக்கே சொத்து

படர்தாமரைக்குக் களிம்பு தடவுகிறார்கள், குறைகிறது, மறுபடி வருகிறது. பல வீடுகளில் இந்தக் கதைதான். களிம்பை யோசிக்காமல் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், அதே பெட்ஷீட்டில் குடும்பமே படுப்பதை யோசிப்பதில்லை. தொற்று உள்ளவரின் பெட்ஷீட், டவல், உள்ளாடைகளைத் தனியாக வெந்நீரில் துவைத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, இஸ்திரி போடுங்கள். குணமாகும்வரை படுக்கை விரிப்பைப் பகிர வேண்டாம்.

சிரங்கு என்றால், சிகிச்சை ஆரம்பிக்கும் நாளில் கடைசி மூன்று நாள்களாகப் பயன்படுத்திய துணிகளையும் சேர்த்து வெந்நீரில் போட வேண்டும். துவைக்க முடியாத கம்ஃபர்ட்டரைப் பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கிவையுங்கள். சிரங்குப் பூச்சி மனிதத் தோலை விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டுமா என்பதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பீரோவுக்குள் ஒரு எச்சரிக்கை

துவைத்துக் காய்ந்த பெட்ஷீட்டோடு அந்துருண்டை போட்டுப் பூட்டுவது நம் பழக்கம். பாச்சா உருண்டை என்றும் சொல்வோம். அதில் பெரும்பாலும் நாப்தலின் இருக்கும். பச்சிளம் குழந்தைகளுக்கு, அதிலும் ‘ஜி6பிடி’ என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, நாப்தலின் வாடை ஏறிய துணி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையை உண்டாக்கலாம். பாட்டி பத்திரப்படுத்திய பழைய காட்டன் புடவையையும் போர்வையையும் பீரோவிலிருந்து எடுத்து அப்படியே குழந்தைக்குச் சுற்றுவது நம் வீடுகளில் சகஜம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரசவம் நெருங்கும் வீட்டில் குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் அந்துருண்டையே வேண்டாம். காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணிப்பையில் கட்டிப் போடுங்கள். அந்துருண்டையோடு இருந்த துணிகளைத் துவைத்து, வாடை முழுக்கப் போகும்வரை வெயிலில் போட்ட பிறகே குழந்தை அருகே கொண்டுபோக வேண்டும்.

கஞ்சி போட்ட ஷீட்டை மாதக்கணக்கில் மடித்துவைப்பதும் வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது விருந்துச் சாப்பாடு.

அடுத்த முறை வாங்கும்போது...

ஒரு படுக்கைக்கு மூன்று செட் போதும்: ஒன்று கட்டிலில், ஒன்று துவையலில், ஒன்று பீரோவில். நம் வெக்கைக்குக் காட்டன்தான் சரி. கரூர், சென்னிமலை ரகங்கள் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. ‘1,000 த்ரெட் கவுன்ட்’ என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கும் குறுக்குமாக உள்ள நூல்களின் எண்ணிக்கைதான் த்ரெட் கவுன்ட். முறுக்கிய ஒரு நூலின் இழைகளைத் தனித்தனியாக எண்ணி அந்த எண்ணைப் பெருக்கிக் காட்டுவதும் நடக்கிறது. 200-லிருந்து 400-க்குள் இருக்கும் நல்ல காட்டன் நம் வீட்டுக்குத் தாராளம்; காற்றும் புகும், சீக்கிரமும் காயும்.

நிறம்? வெளிர் நிறமாகவே எடுங்கள். அழுக்கு தெரியட்டும். தெரிவது நல்லதுதான்.

கடைசியாக ஒன்று. ஊறிய டபுள் பெட்ஷீட்டைத் தனி ஆளாகப் பிழிந்து, பக்கெட்டோடு மாடிப்படி ஏறி, கொடியில் எறிந்து விரிப்பவர் பல வீடுகளில் ஒரே ஒருவர்தான். அவர் ‘இடுப்பு வலிக்குது’ என்று சொல்வதற்கும் பெட்ஷீட் மாதம் ஒருமுறை துவைக்கப்படுவதற்கும் சம்பந்தம் இருக்கிறது. முறுக்கிப் பிழிய ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் வேண்டும். விரிக்கவும் மடிக்கவும் அப்படித்தான். உறையைக் கழற்றிப் பக்கெட்டில் போடப் பத்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். அதில் படுத்துத் தூங்குகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தால், வாரம் ஒருமுறை என்பது பெரிய கணக்கே இல்லை.

இந்த ஞாயித்துக்கிழமை யாரும் விருந்தாளி வரலைன்னாலும் பரவாயில்லை... மேல்தட்டில் இருக்கிற அந்த நல்ல பெட்ஷீட்டை எடுத்து உங்களுக்காக விரிச்சுப் படுத்துப் பாருங்க!